அவளுக்குச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

என் தம்பியும் அவன் மனைவியும் குழந்தையை வைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. அவர்களின் 9 வயது மகள் எட்டு மாதமாக எங்களிடம் இருக்கிறாள். முறைப்படி வளர்ப்புப் பராமரிப்பாளராகப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். வீட்டைப் பார்வையிடுவார்களாம், பயிற்சியாம், உதவித்தொகையாம். சொந்த இரத்தத்துக்கு இதெல்லாம் எதற்கு? பணம் வாங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அவள் மட்டும் அவ்வப்போது "எப்போது வீட்டுக்குப் போவேன்?" என்பாள். பேச்சை மாற்றிவிடுவோம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணத்தை வாங்குங்கள். அது அவளுக்கானது. நாலு பேரை விடுங்கள். பார்வையிட வருகிறவர்களுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள். சொந்த இரத்தமே குழந்தைகளை வதைத்த வீடுகளும் உண்டு. மருத்துவ, சமூக ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, 102 ஆய்வுகளை அலசி 2014இல் வெளியிட்ட அறிக்கை, உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு நடத்தைச் சிக்கல்கள் குறைவு, வீடு மாறி மாறிப் போவதும் குறைவு என்கிறது. ஆனால் மனநலச் சேவைகளை அதிகம் பெற்றவர்கள், உறவினரல்லாதவரிடம் வளர்ந்தவர்களே. அந்த உதவி உங்கள் வீட்டுக்கும் எட்ட வேண்டும்; பதிவுக்கு இந்தக் காரணம் போதும்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக.

எனக்குப் பத்து வயதில் அம்மா நோயில் விழுந்தார். அப்பா என்னைத் தன் நண்பர் வீட்டில் விட்டுச் சென்றார். அவர்கள் தங்கமான மனிதர்கள். ஆனால் எத்தனை நாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. துவைத்த சட்டையை மறுபடியும் என் பெட்டியிலேயே மடித்து வைப்பேன். அலமாரியில் வைத்தால் திரும்பிப் போக முடியாது என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அம்மாவைப் பற்றிக் கேட்டால் அத்தை என் தலையைத் தடவி வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அப்படிப் பேச்சு மாறி மாறியே, அம்மா இறந்துவிட்டார், மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். யாருக்கும் தெரியாமல் அழுது தீர்த்தேன். ஒன்றரை வருடம் கழித்து அம்மா தேறி வந்து வாசலில் நின்றார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்தத் தயக்கம் அவர் சாகும்வரை எங்களுக்கு நடுவில் இருந்தது.

பேச்சை மாற்றுவதை இரக்கம் என்றா நினைக்கிறீர்கள்? அது உங்கள் பயம். நீங்கள் விட்ட இடத்தை அவள் தானாக நிரப்பிக்கொள்வாள். அங்கே உண்மையைவிடக் கொடியது வந்து உட்காரும், பெரும்பாலும் தன் தப்பால்தான் எல்லாம் நடந்தது என்ற எண்ணம். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12ஆம் பிரிவில், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. என்ன நடக்கிறது என்றே தெரியாதவள் எதைப் பற்றிக் கருத்துச் சொல்வாள்?

இன்றே அவளை உட்காரவைத்துப் பேசுங்கள். தம்பியைத் திட்டாமல் பேசுங்கள். "எப்போது என்று எங்களுக்கும் தெரியவில்லை. தெரிந்த அன்றே உனக்குச் சொல்வோம். அதுவரை இது உன் வீடு" என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும், கூட இருங்கள்.

அவள் துணிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.