விம் திறந்ததும் தானாகத் தேடுகிறதா? படிப்பகத்தில் வந்த கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் ஞாயிறு மாலை லினக்ஸ் கற்கிறவர்கள் கூடுவோம். போன வாரம் கேள்விகள் எல்லாமே டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) கோப்புகளைத் திருத்தும் விம் எடிட்டரையும் அதன் தேடலையும் பற்றியே வந்தன. வராதவர்களுக்காக என் பதில்களை எழுதி வைக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பில்தான் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி: நைட் ஷிஃப்டில் சர்வர் பார்க்கிறேன் அண்ணே. வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக அந்த சர்வருக்குள் போய் விம் திறந்தால், நான் எந்த விசையையும் தொடுவதற்கு முன்பே கீழே /0000/0000 என்று வந்து நிற்கிறது. என்டர் அடித்தால் 'பேட்டர்ன் நாட் ஃபவுண்ட்' என்கிறது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

யாரும் புகவில்லை தம்பி. அதை அடித்தது உங்கள் டெர்மினல்.

விம் திறந்தவுடன் டெர்மினலிடம் சில கேள்விகள் கேட்கும்: நீ எந்த வகை, உன் பின்னணி நிறம் என்ன, கர்சர் இப்போது எங்கே என்று. டெர்மினல் பதிலையும் விசைகள் வருகிற அதே வழியில்தான் அனுப்பும். நிறம் பற்றிய பதில் ஒரு எஸ்கேப் எழுத்தில் தொடங்கும். அதன் பின் ஒரு ], 11, ஒரு அரைப்புள்ளி, ஆர்ஜிபி என்ற எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, கறுப்புப் பின்னணி என்றால் 0000/0000/0000. முழுதாகச் சேர்ந்து வந்தால் விம் புரிந்துகொண்டு விழுங்கிவிடும். லைன் மெதுவாக இருந்து பதில் துண்டு துண்டாக வந்தால், பின்னால் வரும் துண்டை நீங்கள் அடித்த விசைகள் என்று நினைத்துக்கொள்ளும். விம்மில் / என்றால் தேடல். அதனால்தான் தேடல் வரி திறந்து உங்களுக்காகக் காத்திருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். துண்டு உடைகிற இடத்தைப் பொறுத்து வேறு விபத்தும் நடக்கும். ஆர்ஜிபியில் உள்ள 'ஆர்', 'ஜி' இரண்டும் கட்டளையாகப் போனால், கர்சர் இருக்கும் எழுத்து 'ஜி' ஆக மாறிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு கான்ஃபிக் கோப்பின் முதல் எழுத்து இப்படி மாறியிருந்தது. கவனிக்காமல் சேமித்துவிட்டேன். மறுநாள் ரீஸ்டார்ட் செய்தபோது சர்வீஸ் எழவே இல்லை, காரணம் தெரியாமல் விடியும் வரை தேடினோம். இனி திறந்ததும் இப்படி எதையாவது பார்த்தால் சேமிக்காமல் வெளியே வந்து மறுபடி திறங்கள்.

சரி, சரிசெய்வது எப்படி? முதலில் உங்கள் சொந்த அமைப்புகள் இல்லாமல், 'விம் --கிளீன்' என்று திறந்து பாருங்கள். அதில் பிரச்சினை இல்லை என்றால் காரணம் உங்கள் விம்ஆர்சி கோப்பில் (விம் தொடங்கும்போது படிக்கும் உங்கள் அமைப்புகள்) இருக்கிறது. இரண்டு வரிகள்மேல் எனக்குச் சந்தேகம். ஒன்று, தேடல் நிறத்தை அணைப்பதற்காக நார்மல் மோடில் (விசைகள் கட்டளைகளாகும் நிலையில்) எஸ்கேப் விசைக்கு மேப் போட்டிருப்பது, அதாவது வேறு கட்டளையை மாட்டியிருப்பது. டெர்மினலின் பதில்கள் எஸ்கேப்பில்தான் தொடங்குகின்றன, அந்த மேப் பதிலின் தலையை வெட்டிவிடும். இன்னொன்று, எஸ்கேப்புக்குப் பின் மீதி வருகிறதா என்று விம் எத்தனை மில்லிவினாடி காத்திருக்கும் என்று சொல்லும் டிடைம்அவுட்லென் என்பதை 0 என்றோ 10 என்றோ குறைத்து வைத்திருப்பது. மெதுவான லைனில் அதை 100 ஆக்குங்கள்.

கிளீனிலும் அதே கதை என்றால் விம் பின்னணி நிறம் கேட்பதையே நிறுத்திவிடலாம்: 'செட் டி_ஆர்பி=' என்று விம்ஆர்சியில் ஒரு வரி. 'டி' சின்ன எழுத்து, 'ஆர்', 'பி' பெரிய எழுத்து. அப்புறம் பின்னணி கறுப்பா வெளுப்பா என்பதை 'செட் பேக்கிரவுண்ட்=டார்க்' போல நீங்களே சொல்லிவிட வேண்டும். திறந்ததும் ரீப்ளேஸ் மோடில் (அடிப்பது பழைய எழுத்துகளின் மேலேயே எழுதும் நிலையில்) நிற்கிறது என்று இன்னொருவரும் சொன்னார். அதுவும் இதே இனம்தான். கர்சர் இடம் பற்றிய பதில் பெரிய 'ஆர்' எழுத்தில் முடியும், விம்முக்கு அது ரீப்ளேஸ் கட்டளை. அவருக்கு 'செட் டி_யு7='.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கை: நான் இன்னும் எதையும் தேடவில்லை. ஆனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் சில சொற்கள் மஞ்சளாகத் தெரிகின்றன.

அது நேற்று நீங்கள் தேடியது. கடைசித் தேடலை விம் உங்கள் ஹோம் டைரக்டரியில் விம்இன்ஃபோ கோப்பில் எழுதி வைக்கும், நியோவிம் (விம்மிலிருந்து பிரிந்த எடிட்டர்) என்றால் ஷாடா கோப்பில். 'விம்இன்ஃபோ' அமைப்பில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் திறக்கும்போது நிறம் காட்டாது. இயல்பாக அது இருக்கும். யாரோ எழுதிய விம்ஆர்சியை நகலெடுத்தபோது அது விடுபட்டிருக்கலாம், சேர்த்துவிடுங்கள். அவசரத்துக்கு ':நோஎச்' போதும். நிறம் போனாலும் தேடல் நினைவில்தான் இருக்கும். 'என்' அடித்தால் நேற்றைய சொல்லுக்கே போகும்.

எண்ணூரிலிருந்து ஒருவர்: லாக் கோப்பில் முதல் எர்ரரைப் பார்க்க 'விம் +/எர்ரர்' என்று திறக்கிறேன். சில நாள் முதல் எர்ரருக்குப் போகிறது, சில நாள் நடுவில் எங்கோ போய் நிற்கிறது.

நல்ல கேள்வி, நானும் இதில் பல நாள் ஏமாந்திருக்கிறேன். கோப்பைப் போன முறை எந்த வரியில் விட்டீர்களோ அங்கேயே கர்சரைக் கொண்டுபோய் வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. விம்மோடு வரும் டிஃபால்ட்ஸ் கோப்பிலேயே இருக்கிறது. அது முதலில் நடந்துவிடும். +/ தேடல் அங்கிருந்துதான் கீழே தொடங்கும். நேற்று 4000ஆவது வரியில் மூடியிருந்தால் 4000க்குப் பிறகு வருகிற எர்ரர்தான் கிடைக்கும்.

'+0;/எர்ரர்' என்று ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். 0; என்பது கோப்பின் தலைக்கும் மேலே நின்று தேடச் சொல்வது, முதல் வரியில் எர்ரர் இருந்தாலும் பிடிக்கும். மேற்கோள் இல்லாவிட்டால் அந்த அரைப்புள்ளியை ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளை வரியைப் படிக்கும் நிரல்) தனக்கென எடுத்துக்கொள்ளும்.

வியாசர்பாடிக் கல்லூரி மாணவர்: '+/கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று தேடினால் காலியாக ஒரு கோப்பு திறக்கிறது.

இதுவும் மேற்கோள் போடாததால்தான். இடைவெளியில் ஷெல் வெட்டிவிட்டது, 'ரெஃப்யூஸ்ட்' என்ற பெயரில் விம் ஒரு புதுக் கோப்பைத் திறந்துவிட்டது. + குறியை விட்டுவிட்டு வெறும் / போட்டாலும் அப்படித்தான், அதைக் கோப்பின் பாதை என்று நினைக்கும்.

ஐபி முகவரி தேடும்போது இன்னொன்று: புள்ளி என்றால் 'எந்த எழுத்தும்' என்று பொருள். தொடக்கத்தில் \வி போடுங்கள், பெரிய எழுத்து. புள்ளி புள்ளியாகவே இருக்கும்.

ராயபுரத்திலிருந்து: பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வருகின்றன.

இக்னோர்கேஸ், ஸ்மார்ட்கேஸ் இரண்டையும் சேர்த்து வையுங்கள். முன்னது பெரிய, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது. பின்னது நீங்கள் பெரிய எழுத்து அடித்துத் தேடினால் மட்டும் பார்க்கும். கர்சர் இருக்கும் சொல்லை நட்சத்திரக் குறியை அடித்துத் தேடினால் மட்டும் ஸ்மார்ட்கேஸ் வேலை செய்யாது.

காசிமேட்டில் மீன் பெயர்களையும் கடல் சொற்களையும் சேகரித்துத் தட்டச்சு செய்யும் பெரியவர்: கிரெப்பில் (கோப்பில் சொல் தேடும் கட்டளையில்) 'மீன' என்று தேடினால் மீன், மீனை, மீனவர் எல்லாம் வருகிறது. விம்மில் மீனவர் மட்டும்தான் வருகிறது. தமிழ் விம்முக்குத் தெரியாதா?

தெரிவதால்தான் ஐயா இப்படி. யூனிகோடில் 'ன்' என்பது ன மேல் ஒரு புள்ளிக்குறி, 'னை' என்பது ன வோடு ஒரு ஐகாரக் குறி. கிரெப் வெறும் பைட்டுகளின் வரிசையைப் பார்ப்பதால் எல்லாவற்றையும் பிடிக்கிறது. விம் ஒட்டு எழுத்துகளை அடி எழுத்தோடு சேர்த்தே ஓர் எழுத்தாகக் கொள்ளும். நீங்கள் வெறும் ன கேட்டீர்கள், அதனால் குறி ஒட்டாத ன மட்டும் கொடுக்கிறது. ன், னை, னு எல்லாம் அதற்கு வேறு எழுத்துகள். நம் இலக்கணமும் அப்படித்தானே சொல்கிறது!

எல்லாம் வேண்டும் என்றால் 'மீன' வுக்குப் பின்னால் \%சி சேர்த்துத் தேடுங்கள், 'சி' பெரிய எழுத்து. அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் குறியைக் கண்டுகொள்ளாமல் போகும். இதற்கு \இசட் (பெரிய எழுத்து) என்று சிலர் சொல்வார்கள். அது எல்லாக் குறிகளையும் மறந்துவிடும், மான், முன், மன எல்லாம் வந்து குவியும். உங்கள் வேலைக்கு அது ஆகாது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுவா, கொய் போன்ற பெயர்கள் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் கிடைக்காமல் போகலாம். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கர்சரை அந்த எழுத்தில் வைத்து 'ஜிஏ' அடித்தால் க வுக்குப் பிறகு ஒரு குறியீடு இருக்கிறதா இரண்டா என்று காட்டும். இரண்டு என்றால் கோப்பு முழுவதையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டாக எழுதிய குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்ற வேண்டும். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதி இருக்கிறது, நாலு வரி வேலை. இத்தனை வருடம் சேர்த்த சொற்கள் ஐயா, முதலில் ஒரு நகல் எடுத்துவிடுவோம். அடுத்த ஞாயிறு பென்டிரைவைக் கொண்டு வாருங்கள், நானே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன்.