வயிற்றைச் சுருக்கிய பிறகும் இவ்வளவு பசிக்குமா?

கேள்வி: எனக்கு 39 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். இரண்டரை வாரத்துக்கு முன்னால் மதுரையில் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இனிமேல் பசியே தெரியாது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ விடிந்ததிலிருந்து கபகபவென்று பசிக்கிறது. இன்னும் திரவ உணவில்தான் இருக்கிறேன். வீட்டுக்காரர் வீட்டு வாசலிலேயே பரோட்டா கடை வைத்திருக்கிறார், சாயங்காலமானால் எனக்கு அழுகையே வந்துவிடுகிறது. "வெறும் தண்ணியக் குடிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும், ரசத்துல ரெண்டு வாய் சோறு பெசஞ்சு தின்னு" என்கிறார் மாமியார். முந்தாநாள் பொறுக்க முடியாமல் அரை இட்லியைச் சாம்பாரில் கரைத்துச் சாப்பிட்டுவிட்டேன். தையல் பிரிந்திருக்குமோ? ஆபரேஷனே வீணாகிவிட்டதா? அடுத்த வாரம் உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் கிடாவெட்டு வேறு இருக்கிறது.
ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த அரை இட்லியைப் பேசி முடித்துவிடுவோம், அது மனசில் உறுத்திக்கொண்டிருக்கும் வரை நான் சொல்லும் வேறு எதுவும் காதில் ஏறாது. சாப்பிட்டு இரண்டு நாளாகியும் காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி கூடவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, இடது தோள்பட்டையில் புதிதாக வலி வரவில்லை, குடிப்பது ஒழுங்காக உள்ளே இறங்குகிறது என்றால் தையல் பிரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் இன்றே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டு, இன்ன நாளில் இன்னதைச் சாப்பிட்டேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள், இதே கதையை அவர்கள் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார்கள். மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தால்கூட போனோடு நிற்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் நேரே கிளம்ப வேண்டும், வண்டி இல்லையென்றால் 108. முக்கியமாக, ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், உள்ளே கசிவு இருந்தால் பல சமயம் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

ஆபரேஷன் வீணாகவில்லை. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குறுகலான குழாய் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள், கிரெலின் என்கிற பசி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. பசி தெரியாது என்று உங்களிடம் சொன்னதற்குக் காரணம் இதுதான். நிறையப் பேருக்கு அது உண்மையும்கூட. ஆனால் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே அப்படி இருப்பதில்லை, அதைச் சொல்லாமல் விட்டதுதான் உங்களை இப்படிக் கலங்க வைத்திருக்கிறது. இரைப்பை கொஞ்சம் நிறைந்து விரிந்தால்தான் "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போகும், நீங்கள் குடிப்பதெல்லாம் தண்ணீராக இருப்பதால் அந்தக் குறுகலான குழாயில் நிற்காமல் இறங்கிவிடுகிறது. அதாவது வயிறு நிறைந்த உணர்வே வராத ஒரு கட்டத்தில் இருக்கிறீர்கள். இந்தத் திரவக் கட்டம் எடை குறைப்பதற்காக வைத்ததும் இல்லை, வெட்டிய இடம் ஆறுவதற்காக வைத்தது. கெட்டியான உணவு தொடங்கியதும் இரண்டு மூன்று ஸ்பூனிலேயே நிறைந்துவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஆனால் நாள் முழுக்கப் பசிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எல்லாமே பசிதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் மேல்வயிற்றில் காந்துகிற மாதிரி, கிள்ளுகிற மாதிரி இருந்து, ரெண்டு மடக்கு குடித்தால் அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறதா? அது அமிலமாக இருக்கலாம். இரைப்பை சின்னதான பிறகும் அமிலம் சுரப்பது நிற்பதில்லை, அந்த எரிச்சல் அச்சு அசலாகப் பசி மாதிரியே இருக்கும். இதற்காகத்தான் பான்டோபிரசோல் மாதிரி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். வலிதான் போய்விட்டதே என்று அதை நிறுத்திவிட்டீர்களா, அல்லது மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இடித்துப் பொடியாக்கிக் குடிக்கிறீர்களா? பான்டோபிரசோலை இடிக்கக் கூடாது, மேல்பூச்சு உடைந்தால் மருந்து வேலை செய்யாது. வெறும் வயிற்றில், குடிக்க ஆரம்பிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் முழுதாகப் போட வேண்டும். விழுங்க முடியவில்லை என்றால் வேறு வடிவத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை, மாத்திரையை ஒழுங்குபடுத்தியதுமே பாதிப் பசி காணாமல் போனவர்கள் உண்டு.

அதே மாதிரி தாகம். ஒரே மடக்காகக் குடிக்க முடியாததால் உடம்புக்குத் தண்ணீர் பற்றாமல் போகும், திருமங்கலம் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். இருமல் டானிக் பாட்டிலோடு ஒரு அளவு மூடி வருமே, அதைக் கழுவி அடுப்படி மேடையில் வையுங்கள். கால் மணி நேரத்துக்கு 30 மில்லி, அதையும் நாலைந்து வாயாகப் பிரித்து உறிஞ்சுங்கள். விழித்திருக்கும் நேரம் முழுக்க இப்படிப் போனால் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடலாம். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடா, கலர் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பசியோடு கை நடுங்கி, வேர்த்து, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை மெதுவாக உறிஞ்சிக் குடித்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகு, பழைய அளவிலேயே கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ ஓடிக்கொண்டிருப்பது ஆபத்து. ஆபரேஷனுக்கு அப்புறம் அளவைக் குறைத்தார்களா என்று இன்று போன் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, என்ன குடிக்கிறீர்கள்? கடிதத்தில் அதை எழுதவே இல்லை. நம் வீடுகளில் ஆபரேஷன் செய்தவருக்கு என்றால் பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், இளநீர், எலும்பு சூப் என்று ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாம் அன்புதான். ஆனால் பருப்பை வேகவைத்துத் தெளிய வடித்தால் புரதம் பருப்போடு சட்டியிலேயே தங்கிவிடும், உங்கள் டம்ளருக்கு வருவது வாசனையும் உப்பும்தான். எலும்பு சூப்பிலும் நாம் நினைக்கிற அளவு சத்து இறங்குவதில்லை. கஞ்சியும் ஜூஸும் குடித்த வேகத்தில் சர்க்கரையை ஏற்றி இறக்கிப் பசியைத் திரும்பக் கூப்பிடும். தண்ணீராகத்தானே இருக்கிறது என்று ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அந்த இனிப்பு இப்போது உங்கள் வயிற்றுக்கு ஆகவே ஆகாது. பசி தாங்குவதற்குப் புரதம் வேண்டும், பொதுவாக ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்பார்கள். 200 மில்லி பாலில் 6 கிராம் சொச்சம்தான் வரும், ஆகவே மருத்துவமனையில் சொன்ன புரதப் பவுடரை விட வழியில்லை. அந்த வெனிலா வாடையில் நாக்கு செத்துப்போய்விட்டது என்றால், சுவை சேர்க்காத பவுடர் கிடைக்கிறது. காரமும் புளியும் குறைத்து வைத்த தெளிவு ரசத்தை, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். ஒரு வாய் உப்புச் சுவை உள்ளே போனாலே பாதி ஏக்கம் தீர்ந்துவிடுகிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானும் அதை நம்புகிறேன்.

இனி அந்தச் சாயங்கால நேரம். வாசலில் கல் காய்ந்து, எண்ணெய் மணம் கிளம்பி, கொத்துப் பரோட்டா போடுகிற தட்டல் சத்தம் கேட்கும்போது வருவது வயிற்றுப் பசி இல்லை, இத்தனை வருஷமாக அந்த நேரத்தில் சாப்பிட்டுப் பழகிய மனசு கேட்கிறது. ஆபரேஷன் வயிற்றில்தான் நடந்தது, பழக்கத்தில் நடக்கவில்லை. அதனால் உங்களுக்கு மன உறுதி இல்லை என்று அர்த்தம் கிடையாது, சால்னா மணம் மூக்கில் ஏறுகிற வீட்டில் திரவ உணவில் இருப்பது நிஜமாகவே கஷ்டம். இந்தப் பசி சட்டென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும், கொஞ்சம் தள்ளிப்போட்டால் தணியும். எனவே கல் காய்கிற நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. அதற்குக் கால் மணி முன்னால் புரதத்தைக் குடித்துவிட்டு ஒரு நடை போய்வாருங்கள், கோயில் வரைக்கும், அக்கா வீட்டு வரைக்கும், எங்கேயாவது. உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லவேண்டும்: இன்னும் மூன்று நாலு வாரத்துக்கு மாவு பிசைவதும் சால்னாவுக்கு உப்புப் பார்ப்பதும் அவர் பாடு. உப்புப் பார்த்துத் துப்பிவிடுகிறேன் என்று நீங்கள் சமாதானம் சொல்லாதீர்கள், ஒரு நாளும் முழுசாகத் துப்ப மாட்டோம்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். மருமகள் பட்டினி கிடக்கிறாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். அந்த ரசத்தை வைப்பது, கறுப்பாகத் திப்பி வராமல் இரண்டு தடவை வடிகட்டுவது, மோரை நன்றாகக் கடைந்து வெண்ணெய் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய், சோறு இப்போது ஏன் கூடாது என்பதை டயட்டீஷியன் வாயாலேயே கேட்க வையுங்கள்.

கிடாவெட்டுக்குப் போகலாமா? எடை தூக்காமல், வெயிலில் அதிகம் அலையாமல் போய்வர மருத்துவர் சம்மதித்தால் போங்கள், சாமி கும்பிடுங்கள். ஆனால் நம் பக்கம் கோயில் கறிச்சோறை வேண்டாம் என்பது சாதாரணக் காரியம் இல்லை, ஒருத்தர் விட்டால் ஒருத்தர் கையைப் பிடித்து இழுப்பார்கள். பந்தி போடும் முன்பே கிளம்பிவிடுவதுதான் என் யோசனை. இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் ஃபிளாஸ்கில் உங்களுடையதை எடுத்துப்போங்கள், கையில் டம்ளர் இருந்தால் தொந்தரவு குறையும். எடை குறைக்க ஆபரேஷன் செய்தேன் என்று ஊருக்கெல்லாம் விளக்கவேண்டியதில்லை. "வயித்துல ஆபரேஷன், டாக்டர் இப்போதைக்குத் தண்ணி ஆகாரந்தான்னு சொல்லிட்டாரு" என்பது பொய்யில்லாத பதில். குழம்பை மட்டும் ஒரு வாய் என்பார்கள், அந்தக் காரமும் எண்ணெயும் இப்போது வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வாரத்தில் எடை அப்படியே நின்றுபோவது சகஜம், அதைப் பார்த்து இன்னும் குறைத்துக் குடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். அழுகை சாயங்காலத்தோடு நிற்காமல் நாள் முழுக்க நீடித்தால், தூக்கம் கெட்டால், எதிலும் மனம் ஒட்டாமல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சாப்பாடு நமக்கு எவ்வளவோ வருத்தத்துக்கு மருந்தாக இருந்தது, அது கையைவிட்டுப் போகும்போது இப்படி ஆவது உண்டு. குடித்ததெல்லாம் வாந்தியாகி ஒரு நாளைத் தாண்டினால் தாமதிக்காமல் போய்ப் பார்க்க வேண்டும், தயமின் என்கிற பி1 வைட்டமின் சத்து குறைந்தால் நரம்பையே பாதிக்கும்.

மசித்த உணவு எந்தத் தேதியில் ஆரம்பம் என்பதையும் இன்றைய போனிலேயே கேட்டு எழுதி வையுங்கள், பல இடங்களில் மூன்றாவது வாரத்தை ஒட்டி ஆரம்பிப்பார்கள், உங்கள் மருத்துவர் சொல்லும் நாள்தான் உங்களுக்குக் கணக்கு. அன்றைக்குப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மையாகக் கடைந்து, டீஸ்பூனால் ஒரு வாய் எடுத்து, அது இறங்கிய பிறகு அடுத்த வாய். நெஞ்சுக்கு நடுவில் லேசாக அடைக்கிற மாதிரி தோன்றியதுமே ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும், கிண்ணத்தில் மீதி இருந்தாலும் சரி. அதற்கு அப்புறம் அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் குடிக்காதீர்கள்.