ராணுவத்தில் தரும் எம்ஆர்இ உணவு பாக்கெட்டுகளை வீட்டில் தினமும் சாப்பிட்டு வாழ முடியுமா? அவசரத்துக்கு வாங்கி அடுக்கி வைக்கலாமா?

சுருக்கமாகச் சொன்னால், அவசரத்துக்குக் கொஞ்சம் வாங்கி வைக்கலாம். தினசரிச் சாப்பாடாக வேண்டாம். ருசி மட்டும் இதற்குக் காரணமில்லை. அடுத்த வேளைச் சாப்பாடு எங்கே, எப்போது என்று தெரியாமல், நாள் முழுக்க மூட்டை சுமந்து நடக்கும் ஆளுக்காகச் செய்தது அது. அடுப்பும் தண்ணீர்க் குழாயும் உள்ள வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதன் நல்ல குணம் எதுவும் பயன்படாது, கெட்ட குணம் மட்டும் மிஞ்சும்.

நான் குவைத்தில் ஓர் அமெரிக்க ராணுவ முகாமின் உணவுக் கிடங்கில் ஒப்பந்த வேலை பார்த்தவன். பெட்டிகளை இறக்குவது, எண்ணுவது, தேதி பார்த்துப் பழையதை முன்னுக்குத் தள்ளுவது, இதுதான் வேலை. கான்வாயோடு போகும் நாட்களிலும் மெஸ் மூடியிருக்கும் நேரங்களிலும் எங்கள் கையிலும் அதே பாக்கெட்டைத்தான் கொடுப்பார்கள்.

தெரியாதவர்களுக்காக: எம்ஆர்இ என்பது அமெரிக்க ராணுவத்தின் ஒருவேளைச் சாப்பாட்டுப் பொதி. 1981-இல் பழைய தகர டப்பா ரேஷனுக்குப் பதிலாக வந்தது. தடித்த பழுப்பு நிற பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு முக்கிய உணவு, துணைக்கு ஒன்று, பிஸ்கட் மாதிரியான கிராக்கர், அதில் தடவ சீஸோ வேர்க்கடலை வெண்ணெயோ, இனிப்பு, பானத் தூள், கரண்டி, உப்பு, காபி, கை துடைக்கும் தாள் எல்லாம் இருக்கும். சராசரியாக 1,250 கலோரி. ஒரு பெட்டிக்கு 12 பாக்கெட். மொத்தம் 24 மெனு, ‘ஏ’ பெட்டியில் முதல் 12, ‘பி’ பெட்டியில் மீதி. சைவம் சாப்பிடுபவர்களுக்கு நான்கு மெனுதான் தேறும் என்பதால் எங்கள் ஆட்களில் சிலர் பெட்டியைத் திறந்ததும் முதலில் நம்பரைத்தான் தேடுவார்கள்.

“அத்தனை வருஷம் கெடாமல் இருக்கிறதென்றால் உள்ளே என்னென்ன ரசாயனம் போட்டிருப்பார்களோ” என்று பலரும் பயப்படுகிறார்கள். முக்கிய வேலையைச் செய்வது ரசாயனம் இல்லை, சூடு. பாலியெஸ்டர், அலுமினியத் தகடு, பாலிப்ரொப்பிலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டிய பையில் உணவை நிரப்பி, காற்றை எடுத்து மூடி, அப்புறம் பையோடு சேர்த்து அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் சாகாத பொட்டுலிசக் கிருமியின் (உணவைக் கொடிய விஷமாக்கும் ஒரு பாக்டீரியா) வித்துகள்கூட அந்தச் சூட்டில் அழிந்துவிடும். பை கிழியாதவரை வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது. தகர டப்பாவில் நடப்பதும் இதேதான். பை தட்டையாக இருப்பதால் நடுப்பகுதி சீக்கிரம் சூடேறிவிடும், எடையும் குறைவு.

கூடவே வரும் ஹீட்டர்தான் எனக்குப் பிடித்த சமாச்சாரம். நீளமான பச்சை பிளாஸ்டிக் பை, அடியில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டு மாதிரி ஒன்று. அதில் மக்னீசியத் தூளோடு கொஞ்சம் இரும்பும் உப்பும் கலந்திருக்கும். உணவுப் பையை உள்ளே செருகி, பையில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும், சில மேசைக்கரண்டி போதும். வாயை மடித்து, உணவு வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே தள்ளி, சாய்வாக வைக்க வேண்டும். எதன் மேல் சாய்ப்பது? பையில் இருக்கும் படத்தில் ஒரு கல்லை வரைந்து, பக்கத்தில் “கல் அல்லது வேறு ஏதாவது” என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ராணுவக் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரியை எதிர்பார்க்க மாட்டீர்கள். அரை நிமிடத்தில் உள்ளே கொதிக்க ஆரம்பிக்கும், பை உப்பும், சூடான உலோக வாடையோடு ஆவி வரும். 10, 12 நிமிடத்தில் கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சாப்பாடு சூடாகிவிடும்.

ஆனால் அந்த ஆவியோடு சேர்ந்து வருவது ஹைட்ரஜன். மக்னீசியமும் தண்ணீரும் சேர்ந்தால் அதுதான் வெளியேறும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கரண்ட் போன இரவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெழுகுவத்தி பக்கத்தில் இந்த ஹீட்டரைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், உணவை அப்படியே சூடாக்காமல் சாப்பிடலாம், ஏற்கெனவே வெந்ததுதான். ஹீட்டர் பையில் மிஞ்சும் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும்.

சரி, ருசி. முதல் தடவை யாருக்கும் பிடிக்கும், பிரித்துப் பார்ப்பதே ஒரு குஷி. குழம்பு, பீன்ஸ் மாதிரி ஈரமாக இருப்பவை பரவாயில்லை. ரொட்டி வகைகள் சுமார். மிளகாய் போட்ட சீஸ் கிடைத்தவன் அன்றைக்குப் பணக்காரன், அதைக் கொடுத்து எதையும் மாற்றிக்கொள்ளலாம். பீட்சா வர 2018 வரைக்கும் ஆனது. சாஸில் இருக்கும் ஈரம் மாதக்கணக்கில் மெதுவாக ரொட்டிக்குள் இறங்கி அதைக் கூழாக்கிவிடும், அதைத் தடுப்பதுதான் பெரிய பாடு.

இரண்டாவது வாரம்தான் விஷயம் தெரியும். எந்த மெனுவைப் பிரித்தாலும் அடியில் ஒரே வாடை, ஒரே மென்மை. கடித்து மெல்ல ஒன்றும் இருக்காது, பச்சையாக, மொறுமொறுவென்று ஒன்றும் இருக்காது. சூட்டில் வேகவைத்து வருஷக்கணக்கில் வைத்த எதுவும் அப்படித்தான். கடைசியில் ஆட்கள் பாக்கெட்டைப் பிரித்து, பிடித்த இரண்டு சாமானை எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். இதை ராணுவமே சோதித்துப் பார்த்திருக்கிறது. 1983-இல் அமெரிக்க 25-ஆவது காலாட்படைப் பிரிவின் வீரர்கள் சிலருக்கு 34 நாள் எம்ஆர்இ மட்டுமே கொடுத்தார்கள். கேட்டால் சாப்பாடு பரவாயில்லை என்றார்கள். கணக்குப் பார்த்தால் கொடுத்த கலோரியில் சுமார் 60 சதவீதம்தான் வயிற்றுக்குள் போயிருந்தது. ஆரம்பத்தில் 12-ஆக இருந்த மெனுவைப் பின்னால் 24 ஆக்கியது ஆடம்பரத்துக்கு இல்லை. உள்ளே போகாத சாப்பாட்டால் யாருக்கும் பலம் வராது.

இதற்கு முன்னால் நடந்தது இன்னும் மோசம். இரண்டாம் உலகப் போரில் கே ரேஷன் என்று ஒன்று இருந்தது. சில நாளைக்கு மட்டும் என்று வடிவமைத்தது. 1944-இல் பர்மாக் காட்டில் சண்டை போட்ட ‘மெரில்ஸ் மராடர்ஸ்’ என்ற அமெரிக்கப் படை மாதக்கணக்கில் பெரும்பாலும் அதையே தின்று எலும்பும் தோலுமாகி, நோயிலும் விழுந்தது. ‘கொஞ்ச நாளைக்கு’ என்று செய்ததை நிரந்தரமாக்கினால் இதுதான் கதி. எம்ஆர்இக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு: வேறு எதுவும் இல்லாமல் அதை மட்டுமே கொடுப்பதென்றால் 21 நாள் வரைதான் என்பது ராணுவத்தின் கணக்கு.

வீட்டில் தினமும் சாப்பிட்டால் பிரச்சினை வேறு பக்கம் திரும்பும். மூன்று வேளைக்கு மூன்று பாக்கெட் என்றால் 3,700 கலோரிக்கு மேல். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இது கிட்டத்தட்ட இரண்டு நாள் சாப்பாடு. வியர்வையில் உப்பை இழக்கிறவனுக்காகச் செய்தது என்பதால் உப்பும் தாராளம். சோடியம் நாளுக்கு 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாக்கெட் அந்த அளவை நெருங்கிவிடும். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதைத் தினமும் தொடவே கூடாது. சர்க்கரை நோயாளிகளும் அந்த மிட்டாய், இனிப்பு, பானத் தூள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

அப்புறம் வயிறு. எம்ஆர்இ சாப்பிட்டால் மலச்சிக்கல் வரும், அதற்காகத்தான் உள்ளே மலமிளக்கி கலந்த சூயிங்கம் வைக்கிறார்கள் என்று ஒரு கதை எல்லா முகாமிலும் உலவும். கம் சாதாரண கம்தான். அதில் சைலிட்டால் என்ற இனிப்பு உண்டு, அதை நிறையச் சாப்பிட்டால் வயிறு இளகும், ஆனால் இரண்டு துண்டு கம் எதையும் அசைக்காது. ஆனால் மலச்சிக்கல் வருவது மட்டும் கட்டுக்கதையில்லை, உண்மைதான். காய்கறி குறைவு, கொழுப்பு அதிகம், தண்ணீரோ அளந்து குடிப்பது, வேறென்ன நடக்கும்? தன்னார்வலர்களுக்கு 21 நாள் எம்ஆர்இ மட்டும் கொடுத்து அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் சோதித்தபோது குடலில் உள்ள பாக்டீரியாக்களின் கலவையே மாறியிருந்தது. தயிரில் இருக்கும் வகையைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. கிருமி நீக்கிய சாப்பாட்டில் கெட்டது மட்டும் சாகுமா, நல்லதும் சேர்ந்துதானே சாகும்.

இனி அவசரகால விஷயம். இங்கேதான் எம்ஆர்இ தன் பேரைக் காப்பாற்றும். சமைக்க நெருப்பு வேண்டாம், ஊறவைக்கத் தண்ணீர் வேண்டாம், தட்டு, பாத்திரம் கழுவும் வேலை இல்லை. வெள்ளம் வந்து மொட்டை மாடியில் ஏறி நிற்கும்போது வீட்டில் ஒரு மூட்டை அரிசி இருந்து என்ன பயன்? 2005-இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரினா சூறாவளியின்போது லட்சக்கணக்கில் கொண்டு போய்க் கொடுத்தது இதனால்தான். (அப்போது பிரிட்டன் அனுப்பிய ரேஷன் பொதிகளில் மாட்டிறைச்சி இருந்தது, பைத்தியப் பசு நோய் பயத்தால் அவற்றை ஆர்கன்சாவில் ஒரு கிடங்கிலேயே முடக்கிவிட்டார்கள். பசித்தவன் ஒரு பக்கம், விதிமுறை ஒரு பக்கம்.) போர்வீரர் அல்லாத பொதுமக்களுக்கென்றே 1993 முதல் இன்னொரு பொதியும் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு, சுமார் 2,200 கலோரி, எந்த மதத்தவரும் சாப்பிடும்படி இறைச்சி இல்லாமல். 2001-இல் ஆப்கானிஸ்தானில் விமானத்திலிருந்து போட்டபோது அதன் உறை மஞ்சளாக இருந்தது. அதே நேரம் வீசிய கொத்துக் குண்டுகளின் வெடிக்காத துண்டுகளும் மஞ்சள். பிறகு உறையின் நிறத்தையே மாற்றினார்கள்.

ஆனால் வாங்கி வைப்பவர்கள் கவனிக்காதது ஒன்று உண்டு: வெயில். 27 டிகிரியில் மூன்றரை வருஷம் தாங்கும் எம்ஆர்இ, 38 டிகிரியில் ஒன்பது மாதம்தான் என்பது ராணுவமே சொல்லும் கணக்கு. எங்கள் கிடங்கில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே நிற்கும் கன்டெய்னரில் கோடை முழுக்கக் கிடந்த பெட்டியைத் திறந்தால் சீஸ் பழுப்பாகி எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும், வேர்க்கடலை வெண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும். ஆக, கார் டிக்கியிலும் மொட்டை மாடி அறையிலும் வைத்தால் காசு வீண். பெட்டியின் மேல் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் இருக்கும், நடுவில் ஒரு பொட்டு, சுற்றி ஒரு வளையம். சூடு பட்டுப் பட்டு நடுப்பொட்டு கறுத்துக்கொண்டே வரும். வளையத்தைவிடப் பொட்டு கறுத்துவிட்டால் அந்தப் பெட்டியைச் சோதிக்காமல் யாருக்கும் தரமாட்டோம். ஸ்டிக்கர் பெட்டியில்தான், தனிப் பாக்கெட்டில் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், ஆளுக்கு இரண்டு நாளைக்குப் போதுமான பாக்கெட், அதுவும் நடமாடவே முடியாத முதல் கட்டத்துக்கு. அதற்கு மேல் வேண்டியதை, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கெடாத சாமான்களாகவே வாங்கி, தின்னத் தின்ன நிரப்பிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் தண்ணீர். உப்பும் புரதமும் நிறைந்த இந்தச் சாப்பாடு தாகத்தைக் கிளப்பும், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இதை மட்டும் அடுக்கி வைப்பது வீண் வேலை. கைக்குழந்தைக்கு இது ஆகாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

வாங்கும்போது: ராணுவப் பெட்டியில் அரசாங்கச் சொத்து, விற்கக் கூடாது என்று அச்சிட்டே இருக்கும். இணையத்தில் விற்பது எப்படியோ வெளியே வந்த சரக்கு, அது எந்த வெயிலில் எத்தனை மாதம் கிடந்தது என்று விற்கிறவனுக்கே தெரியாது. பொதுமக்களுக்காகவே அதே முறையில் செய்து விற்கும் பாக்கெட்டுகள் இருக்கின்றன, அவை மேல். ராணுவச் சரக்குதான் வேண்டுமென்றால் உள்ளே உள்ள பைகளில் நான்கு இலக்க எண் பாருங்கள். 3074 என்றால் முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம், மீதி மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. அதாவது 2023 மார்ச் 15. அதே எண் 2013-க்கும் பொருந்தும், விற்பவர்கள் சிலர் இதைத்தான் நம்பிப் பிழைக்கிறார்கள். எனவே பெட்டியின் வெளிப்புறப் படமும் அந்த ஸ்டிக்கரின் படமும் கேளுங்கள், அனுப்பத் தயங்கினால் வாங்காதீர்கள். கைக்கு வந்த பிறகு உணவுப் பை உப்பியிருந்தாலோ ஓரத்தில் கசிந்திருந்தாலோ முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம், நேரே குப்பைக்கு.