கல்லூரி விழாக்களிலும் வேலைத் தேர்விலும் வரும், கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் பேசும் 'ஜாம்' சுற்றைக் கண்டுபிடித்தவர் யார்?

இயன் மெசிட்டர். 1920இல் பிறந்து 1999இல் மறைந்த ஆங்கிலேயர், பிபிசி வானொலித் தயாரிப்பாளர். அவருடைய 'ஜஸ்ட் எ மினிட்' நிகழ்ச்சியின் பெயர்ச் சுருக்கம்தான் நம் ஊர் 'ஜாம்'. மூன்றாண்டுகள் கல்லூரி மேடைகளில் அதை ஆடியிருக்கிறேன். அப்போது இவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணன், அது சென்னைக் கல்லூரிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று அடித்துச் சொன்னார். நம்பினோம்.

அந்த ஆட்டத்தின் பிறப்பிடம் ஒரு வகுப்பறைத் தண்டனை. மெசிட்டர் ஷெர்போர்ன் பள்ளி மாணவர். வரலாற்று வகுப்பில் பகல் கனவு கண்டுகொண்டிருந்தவரைப் பிடித்துவிட்டார் பெர்சிவல் பாரி ஜோன்ஸ் என்ற ஆசிரியர். கடந்த ஒரு நிமிடம் தான் நடத்தியதை அப்படியே சொல்ல வேண்டும், தயங்கக் கூடாது, சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது என்றாராம். கவனித்துக்கொண்டிருந்தவனாலேயே அது முடியுமா என்பது சந்தேகம்!

பல ஆண்டுகளுக்குப் பிறகு 13ஆம் எண் பஸ்ஸின் மாடியில் போய்க்கொண்டிருந்தபோது, பழைய அவமானம் விளையாட்டாக மாறி மனத்தில் உதித்தது. ஆசிரியரின் இரண்டு விதிகளோடு, தலைப்பை விட்டு விலகக் கூடாது என்ற மூன்றாவதைத் தன் பங்குக்குச் சேர்த்தார். நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்' இரண்டும் அங்கே நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் அடக்கம். குற்றத்துக்கு மதிப்பெண் போடலாம் என்று தோன்றியது மட்டும் மெசிட்டருக்குத்தான்.

1951இல் 'ஒன் மினிட் ப்ளீஸ்' என்ற பெயரில் முதல் வடிவம் வந்தது. அதைச் செப்பனிட்டு 'ஜஸ்ட் எ மினிட்' ஆக்கினார். நடுவராக நகைச்சுவை நடிகர் ஜிம்மி எட்வர்ட்ஸ் இருப்பதாகத்தான் ஏற்பாடு. அவருக்குத் தோதுப்படாததால் நடிகர் நிக்கோலஸ் பார்சன்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாதிரிப் பதிவு பிபிசி மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் டேவிட் ஹேட்ச் பிடிவாதமாக நின்றதால்தான் 1967 டிசம்பர் 22 அன்று நிகழ்ச்சி ஒலிபரப்பானது. தற்செயலாக வந்த பார்சன்ஸ் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் மெசிட்டரே ஸ்டாப்வாட்சும் விசிலுமாக உட்கார்ந்து நிமிடத்தை அளந்த காலமும் உண்டு.

ஒரு நிமிடப் பேச்சு என்றுதான் இதை எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது குறுக்கிடும் ஆட்டம். நால்வரில் ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் பிழைக்காகக் காத்திருப்பார்கள். பிழையைச் சரியாகப் பிடித்தவருக்கு ஒரு புள்ளியோடு மீதி நொடிகளும் தலைப்பும் கிடைக்கும். தவறாகப் பிடித்தால் பேசியவருக்கே புள்ளி. நிமிடம் முடிந்து விசில் ஊதும்போது பேசிக்கொண்டிருப்பவருக்கும் ஒன்று. உளப்பகுப்பாய்வு அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டின் பேரன் கிளெமென்ட் ஃபிராய்ட் இதில் எமகாதகர். முக்கால் நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசி நொடிகளில் குறுக்கிட்டுப் புள்ளியைத் தட்டிக்கொண்டு போவார். அதே மேசையில் நகைச்சுவை நடிகர் கென்னத் வில்லியம்ஸ் நடுவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். கேட்பவர்களுக்குத் தலைப்பு மறந்துபோகும், சண்டை நினைவிருக்கும்.

வேலைத் தேர்வில் நடப்பது இதுவல்ல. அங்கே ஒரு தலைப்பு, ஒரு கடிகாரம், எதிரே ஒரு அதிகாரி. குறுக்கிட யாருமில்லை. மெசிட்டர் விளையாட்டாக்கியதை நம் ஆட்கள் மறுபடியும் பாரி ஜோன்ஸின் தண்டனையாக்கிவிட்டார்கள்.

கல்லூரி மேடையில் ஒருமுறை எனக்குக் 'குடை' என்ற தலைப்பு வந்தது. பதினொன்றாவது நொடியில் 'மழை' என்று இரண்டாம் முறை சொன்னேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேசையைத் தட்டினார்கள். அரங்கமே சிரித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வேலைத் தேர்வில் வேறெந்தத் தலைப்பும் கிடைக்காததுபோல் அதே 'குடை'. இந்த முறை 'மழை'யை ஐந்து தடவையாவது சொல்லியிருப்பேன். எதிரே இருந்தவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வேலை கிடைத்துவிட்டது.