வீடு திருத்தப் போகும் கோயில் குழுவில், கட்டட வேலை தெரியாதவருக்கு என்ன வேலை இருக்கும்?

கேட்டவர் மட்டக்களப்பு நகரில் ஒரு வங்கியில் பணிபுரிகிறார். வெள்ளம் வடிந்த பிறகு வீடு திருத்தப் போகும் தம் கிறிஸ்தவப் பங்குக் கோயில் குழுவோடு சேர விரும்புகிறார். சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லாததால், போனால் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பேனோ என்று கேட்டிருக்கிறார்.

தயங்காமல் போங்கள். 2005 ஜனவரியில், சுனாமி வந்த அடுத்த மாதம், எங்கள் பங்கின் குழுவோடு நான் முதன்முதல் மட்டக்களப்புக் கரையோரத்துக் கல்லடிக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. சீமெந்தும் மணலும் எந்த அளவில் சேர வேண்டும் என்றுகூடத் தெரியாது. அதன்பின் எத்தனையோ முறை போய்வந்துவிட்டேன். இன்றும் ஒரு சுவரை நேராக எழுப்ப என்னால் முடியாது. ஆனால் சுவர் எழுப்பத் தெரிந்தவர்கள் மட்டுமே போனால் என்ன கெடும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

2011 ஜனவரி வெள்ளம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமம். விளைந்த வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றில் படுத்துக் கிடந்தன. ஒரு வீட்டில் குசினிச் சுவர் அடியோடு கரைந்து விழுந்திருந்தது, முன் விறாந்தையின் கூரையும் சரிந்திருந்தது. எங்களிடம் அந்த வீட்டுக்கென்று இருந்தது எட்டுத் தகரம். எங்கள் ஓடாவி ஐயா, அதாவது தச்சர், வளவில் நின்ற வீட்டுக்காரக் கணவரிடம் எதை முதலில் செய்வது என்று கேட்டார். விறாந்தையைச் செய்யுங்கள் என்றார் அவர். மாலைக்குள் விறாந்தை எழுந்து நின்றது. படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை போனபோது விறாந்தையில் இரண்டு தகரம் இல்லை. அந்த வீட்டு அம்மா அவற்றைத் தாமே கழற்றி, குசினி இருந்த இடத்தில் நான்கு கம்பு நட்டு மேலே போட்டிருந்தார். ஆணி பிடுங்கிய ஓட்டைகள் வழியே அடுப்பின்மீது மழை சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய நாட்களில் பொலித்தீன் விரிப்புக்குக் கீழே ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்திருக்கிறார். "ஏன் அம்மா எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் என்னைக் கேட்கவில்லையே, மகள்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அது என்னை இன்னும் வருத்தியது.

இந்தத் தவறு மற்ற ஊர்களில் நடந்தால் கவனக்குறைவு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நடந்தால், ஊரையே அறியாமல் போனதாக ஆகும். இங்கே வீடு பெண்ணுடையது. மகளுக்குத் திருமணம் என்றால் பெற்றோர் அவளுக்கு ஒரு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பார்கள், மருமகன் அங்கே வந்து வாழ்வான். அடுத்த மகளுக்கும் வீடு எழ வேண்டும், தாயும் தகப்பனும் கடைசியில் பின்வளவில் ஒரு சிறு குடிலுக்கு ஒதுங்குவதும் உண்டு. தமிழர் வீட்டிலும் முஸ்லிம்களின் வீட்டிலும் இதே வழக்கம்தான். தாயின் குடியே, அதாவது வம்சமே, பிள்ளைகளின் குடி என்று தொடர்ந்து வந்த சமூகம் இது. எனவே வளவில் முன்னால் நின்று பேசும் ஆண் பெரும்பாலும் அந்த வீட்டின் உரிமையாளர் அல்லர். உரிமையாளர் பின்னால் பானை கழுவிக்கொண்டிருப்பார்.

சுனாமிக்குப் பிறகு இது பெரிய அளவில் மறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த நாவலடி ஏறக்குறைய முழுவதும் துடைத்தெடுக்கப்பட்டது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் விதி வந்தது, நாவலடிக்காரர்கள் திராய்மடுவுக்குப் போக நேர்ந்தது. புதிய வீடுகள் கொடுக்கப்பட்டபோது பல இடங்களில் உரிமைப் பத்திரத்தில் 'குடும்பத் தலைவர்' என்று கணவரின் பெயர் ஏறியது. தாய்வழி வந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது, தாய்வழி வந்த உரிமையைக் காகிதம் கொண்டுபோனது. வீடு திருத்தப் போகும் சிறு குழு இதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் அதே தவறை ஒரு சுத்தியலோடு திரும்பவும் செய்யாமல் இருக்க முடியும்.

உங்கள் வேலை இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் குழுவில் அதைக் கொப்பி வேலை என்போம். மற்றவர்கள் சாமான் இறக்கும்போது நீங்கள் வீட்டுக்கார அம்மாவோடு வளவைச் சுற்றி நடக்க வேண்டும். முதல் பக்கத்தில் இரண்டே வரி: இது யாருடைய வீடு, எதை முதலில் செய்தால் இன்று இரவு சுலபமாகும். நீங்கள் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, அறைக்குள்ளும் மலசலகூடத்துப் பக்கமும் தயக்கமில்லாமல் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வெள்ளத்துக்குப் பின் மலசலகூடக் கதவு உடைந்திருப்பதை எந்த ஆணிடமும் சொல்லாத பெண்கள் ஏராளம். குமர்ப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கதவுதான் கூரைக்கு முன்னால் வர வேண்டியது. இதைத் தலைவர்கள் ஒத்துக்கொள்ள எங்கள் குழுவிலேயே சில வருடங்கள் பிடித்தன.

பிறகு கணக்கு. எத்தனை தகரம், கூரைக்கு எத்தனை றீப்பைச் சட்டம், எத்தனை பை சீமெந்து வந்தது, எங்கே போனது என்பதை வங்கியில் இருப்பவரைவிட யார் ஒழுங்காக எழுதுவார்? இந்தக் கணக்கு வளவில் எல்லோருக்கும் தெரிய வாசிக்கப்பட வேண்டும். அடுத்த வீட்டுக்கு ஆறு தகரம், இந்த வீட்டுக்கு எட்டு என்றால் காரணத்தை அங்கேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட இரண்டு தகரத்தால் இரண்டு சகோதரிகளின் வீடுகள் ஒன்றோடொன்று பேசாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கைவேலை செய்யவும் இடம் உண்டு. சேற்றை அது காயும் முன் வெளியேற்ற வேண்டும். காய்ந்தால் அலவாங்கு போட்டுத்தான் உடைக்கலாம். அதற்குத் தேவை ஆட்கள்தான், தொழில் அல்ல. ஆனால் ஊறிய கல்சுவருக்கு உடனே சாந்து பூசி, வெள்ளையடித்து, அழகாக்கிவிட்டு வரவேண்டும் என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். உள்ளே ஈரம் அடைபட்டு, இரண்டு மாதத்தில் பூச்சு கழன்று விழும். யன்னல்களைத் திறந்து வைத்துச் சுவரை வாரக்கணக்கில் காயவிட வேண்டும். தகரத்தில் ஆணி அடிக்கச் சொன்னால் அதன் நெளிவின் மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் ஓடிவரும் மழைநீர் அந்த ஓட்டையில்தான் இறங்கும். மண்சுவர் வீடானால், அடியில் சில வரிகளாவது சீமெந்துக் கல் வைத்து அதன்மேல் மண்சுவரை எழுப்புவது நல்லது, வெள்ளம் முதலில் தின்பது அடிச்சுவரைத்தான்.

கிணறு வேறு விடயம். 2005 இல் கல்லடியில் நாங்கள் அன்போடு செய்த ஒரு கெடுதலைச் சொல்கிறேன். கடல்நீர் புகுந்த கிணறுகளை இயந்திரம் வைத்து வற்ற வற்ற இறைத்தோம். மறுநாள் மீண்டும் உவர். திரும்பவும் இறைத்தோம். இந்தக் கரையோர மணலில் நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே கிடக்கும் உவர்நீர் மேலேறி வரும். அந்தக் கிணறுகளைக் குணப்படுத்த வேண்டியது வரும் மாரிமழை, நாங்கள் அல்ல. இப்போது கிணற்றுப் பக்கம் போகும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுவிடுகிறோம். எவ்வளவு இறைப்பது, எவ்வளவு குளோரின் இடுவது என்பதை அவர் சொல்வார்.

நீங்கள் கோயில் குழுவாகப் போகிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு, உதவியின் பின்னால் மதமாற்றம் வருகிறது என்ற ஐயம் இங்கே பலருக்கு வந்தது. சில குழுக்கள் அதற்கு இடமும் கொடுத்தன. நாங்கள் புறப்படும் முன், எங்கள் செபம் வான் வண்டிக்குள்ளேயே முடிந்துவிடும். வளவுக்குள் துண்டுப்பிரசுரம் கிடையாது. கிரான் என்ற ஊரில் ஒரு பெத்தாவின், அதாவது பாட்டியின், வீட்டில் சேற்றுக்குள் பிள்ளையார் படம் கிடந்தது. கழுவித் துடைத்து வெயிலில் சாய்த்து வைத்தேன். "வேதக்காரப் பிள்ளைகள் என் பிள்ளையாரைக் குளிப்பாட்டிவிட்டீர்கள்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் விசுவாசிக்கும் ஆண்டவருக்கு அந்தக் காலையில் நான் செய்த ஊழியம் அதுதான் என்று மனதார நம்புகிறேன்.

படுவான்கரை வீட்டுக்கு மூன்றாம் முறையும் போனோம். குசினிக்குக் கதவு எந்தப் பக்கம் என்று ஓடாவி ஐயா அந்த அம்மாவிடமே கேட்டார். கிணற்றைப் பார்த்து இருக்கட்டும் என்றார். பழைய குசினியில் கதவு வேறு பக்கம் இருந்ததாம். திருமணமான நாள்முதல் வீட்டைச் சுற்றித் தண்ணீர் சுமந்திருக்கிறார்.

முதல் நாள் முழங்கால்வரை வரும் ரப்பர் சப்பாத்தும் தடித்த கையுறையும் கொண்டுபோங்கள். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் தொற்றும், காலில் காயம் இருந்தால் அன்று சேற்றில் இறங்கவே வேண்டாம். அதற்கான தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள். குவிந்து கிடக்கும் ஓலையையும் பலகையையும் கையால் தூக்கும் முன் கம்பால் தட்டுங்கள், பாம்பும் வெள்ளத்துக்கு ஒதுங்கியிருக்கும். கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் வைத்துப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் கரைந்துவிடும்.