தகரக் கொட்டிலில் இரண்டு இரவு நாயை விடலாமா?

கொழும்புக்குப் போற இரண்டு இரவும் ஏழு மாத நாய்க்குட்டியை வவுனியாவில் நாய் பாக்கிற ஒரு இடத்தில விடலாமா, அங்க தகரக் கொட்டில்தான் எண்டு கேட்டிருந்தீங்கள்.

தகரம் எண்டதுக்காக வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். மத்தியானம் 2 மணிக்குச் சொல்லாமல் போய் உள்ளே நிண்டு பாருங்கோ. மேலே கிடுகு போட்டிருக்கோணும், இரண்டு பக்கத்தாலும் காத்து வரோணும். நாய் நாக்கை நீட்டி இளைச்சுத்தான் உடம்புச் சூட்டை ஆத்தும். அடைச்ச தகரத்துக்குள்ள அது காணாது.

அதைவிடப் பெரிய விஷயம் பார்வோ, குட்டிகளைக் கொல்லக்கூடிய தொற்று வயித்தோட்ட நோய். எல்லா நாயின்ரை தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பாக்காத இடம் எண்டால் திரும்பி வாங்கோ. விசர்நாய் ஊசி மட்டும் போதாது. பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வாற இன்னொரு தொற்று நோய்) ஊசிகளும் முடிஞ்சு இரண்டு கிழமையாவது ஆகியிருக்கோணும். தரையை எதால கழுவுறீங்கள் எண்டு கேளுங்கோ. பினாயில் எண்டால் சரிவராது, பார்வோ கிருமி அதுக்குச் சாகாது. ஊத்தையைக் கழுவிப்போட்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊத்தி 10 நிமிடம் விடோணும். சுவர் வெடிப்புகளையும் பாருங்கோ, உண்ணி அங்கதான் ஒளிச்சிருக்கும்.

வீட்டுச் சாப்பாட்டையே அளந்து கட்டிக் குடுங்கோ. திடீரெண்டு மாத்தினால் வயித்தாலை போகும். மிருக வைத்தியரின்ரை இலக்கமும் குடுங்கோ. கூட்டிவந்து ஒரு கிழமைக்குள்ள சத்தியோ, இரத்தத்தோட வயித்தோட்டமோ கண்டால் அண்டைக்கே காட்டுங்கோ.