நலங்கு மஞ்சளும் முகூர்த்த மேக்கப்பும்

கேள்வி: அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று போட்ட மேக்கப் இரண்டு மணி நேரத்தில் மூக்கோரம் திட்டுத் திட்டாகப் பிரிந்துவிட்டது. கன்னத்தில் மாவு படிந்த மாதிரி இருந்தது. எனக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும் என்பதால் கிரீம் எதுவும் தடவுவதில்லை, சோப்பு மட்டும்தான். முதல் நாள் ஃபேஷியல் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் நாள் ஃபேஷியல் வேண்டவே வேண்டாம். ஸ்க்ரப், ஆவி, மசாஜ் என்று தேய்பட்ட தோல் சிவந்து, கிளறிவிட்ட பருக்கள் சரியாக மறுநாள் தலைகாட்டும். கடைசி ஃபேஷியலை முகூர்த்தத்துக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். அதுவும் ஏற்கெனவே செய்து பழகிய வகையாக இருக்கட்டும். புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் த்ரெட்டிங் மூன்று நாள் முன்பு போதும்.

நிச்சயதார்த்தத்தில் நடந்ததற்குக் காரணம் உங்கள் சோப்பு. குளியல் சோப்பின் காரத்தன்மை, பி.எச். என்ற அமில-கார அளவில் 9, 10 வரை போகும். தோலுக்கு இயல்பானது 5 அளவில்தான். சோப்பு தோலின் ஈரப்பசையை உறிஞ்சிவிட, கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் நிற்கின்றன. ஃபவுண்டேஷன் அந்தச் செதில்களில்தான் ஒட்டுகிறது. அதுதான் நீங்கள் பார்த்த மாவு. மூக்கோரத்தில் கசியும் எண்ணெய் அதே ஃபவுண்டேஷனைக் கரைத்துவிடுகிறது. எண்ணெய் வழியும் முகத்துக்கும் ஈரப்பசை வேண்டும். இன்றே நுரை குறைந்த, மென்மையான ஃபேஸ்வாஷுக்கு மாறி, காலை இரவு இரு வேளையும் எண்ணெய் சேராத ஜெல் மாய்ஸ்சரைசர் பட்டாணி அளவு தடவுங்கள். மேல்தோல் புதுப்பிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். உங்களுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பாருங்கள். எலுமிச்சைச் சாறு பக்கமே போகாதீர்கள். அதன் புளிப்பு தோலை எரிக்கும். வெயில் பட்டால் கருந்திட்டு விழும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் "நிறம் வரும்" என்று கொடுக்கும் டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. சில நாள் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, பரு கிளம்பும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும். தோல் மருத்துவரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

நம் ஊர்க் கல்யாணங்களில் பலரும் கவனிக்காமல் விடுவது நலங்கு மஞ்சள். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எத்தனை முறை முகம் கழுவினாலும் காது மடலிலும் முடி ஓரத்திலும் புருவத்துக்குள்ளும் அது தங்கிவிடும். மறுநாள் மேக்கப் போடுபவர் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஷேடு எடுத்தால் கழுத்தும் முகமும் வெவ்வேறாகத் தெரியும். ஆகவே நலங்கு வைக்கும்போது கன்னத்தில் லேசாகத் தொட்டுவிடச் சொல்லுங்கள், பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிந்ததும் க்ளென்சிங் பாம் அல்லது க்ளென்சிங் ஆயிலை உலர்ந்த முகத்தில் ஒரு நிமிடம் தடவி, ஈரப் பஞ்சால் துடைத்து, அதன்பிறகு ஃபேஸ்வாஷ் போடுங்கள். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

முகூர்த்தக் காலையில் வேலை குறைவு. சாதாரணத் தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசர், உதட்டுக்கு பாம். பிறகு பத்து நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். அவசரத்தில் எல்லோரும் விழுங்கிவிடும் பத்து நிமிடம் இதுதான். கிரீம் இறங்காமல் ப்ரைமர் (ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) போட்டால் இரண்டும் உருண்டு உருண்டு திரளும். டிஷ்யூவை முகத்தில் ஒற்றிப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டால் மிச்சக் கிரீமை அதனாலேயே எடுத்துவிடுங்கள். ப்ரைமர் நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும், பட்டாணியில் பாதி. உங்கள் கன்னத்துக்குப் பவுடர் கிட்டத்தட்ட வேண்டாம். ஹோமச் சூட்டில் வியர்த்தால் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றச் சொல்லி, பக்கத்தில் இருக்கும் தங்கையிடமோ தோழியிடமோ ஒரு பாக்கெட் கொடுத்து வையுங்கள்.

சன்ஸ்கிரீன் பகலில் அவசியம். மாலை ரிசப்ஷனுக்கு மட்டும் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். ஃபிளாஷ் அடித்ததும் படத்தில் முகம் வெள்ளை பூத்துத் தெரியும்.